இணங்கச் செய்யும் பேச்சு: பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சையிலிருந்து ஒரு பாடம்



கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் வகுப்பறை எதிலும் “பாரிஸில் எங்கள் மாமா இருக்கிறார்”, “மொன்றியலில் சித்தி இருக்கிறா” என்று சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். 1980களிலிருந்து பிரான்சுக்குச் சென்று குடியேறிய நம்மவர்களின் கடைகளால் பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதி இன்று தமிழ்ப் பெயர்ப்பலகைகளுடன் விளங்குகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் பிரெஞ்சே அரச மொழி. அங்கு வாழும் உறவினர் பலர் வேலை முடிந்து வந்து, இரவில் பிரெஞ்சுப் பாடம் படித்து, பரீட்சை எழுதுகிறார்கள். எழுதுவதோடு முடிவதில்லை; பேசியும் காட்ட வேண்டும்.

அந்தப் பேச்சுப் பரீட்சையின் உயர்நிலைப் பகுதியொன்று விசித்திரமானது. அதில் பரீட்சார்த்தி எதையும் ஒப்புவிப்பதில்லை. எதிரே இருக்கும் ஒருவரைத் தம் கருத்துக்கு இணங்கச் செய்ய வேண்டும். பலர் இலக்கணம் தெரிந்தும் இங்கேதான் புள்ளியை இழக்கிறார்கள். காரணம் பிரெஞ்சு தெரியாமை மட்டுமன்று. இணங்கச் செய்வது எப்படி என்பது தெரியாமையும்தான். இதைத் தமிழிலேயே பழகிக்கொள்ளலாம். க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் உங்களுக்கு இப்போதே பயன்படும் திறனும் இதுவே.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்:

• பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சைகளில் இணங்கச் செய்யும் பகுதி எவ்வாறு அமைகிறது என விளக்குவீர்கள்.
• புகழ்ந்து பேசுவதற்கும் இணங்கச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவீர்கள்.
• ஒருவரின் மறுப்பைக் கேட்டு, அதற்கு ஏற்ற விடையை நான்கு படிகளில் அமைப்பீர்கள்.
• பிறர் உங்களைத் தவறாக இணங்கச் செய்ய முயலும்போது அதை இனங்காண்பீர்கள்.

1. பரீட்சையின் அமைப்பு

ஐரோப்பிய மொழிகளில் ஒருவரின் தேர்ச்சியை ஆறு நிலைகளாக வகுப்பர். அவை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்பன. இவ்வகுப்பை ஐரோப்பியப் பேரவை 2001ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஏ1 தொடக்க நிலை. சி2 மிக உயர்ந்த நிலை. பி2 நிலையை அடைந்தவர் தம் கருத்தைக் காரணங்களுடன் எடுத்துரைத்து, பிறர் கேள்விக்கு முகங்கொடுத்துப் பேச வல்லவர் எனக் கொள்ளப்படுகிறார்.

பிரெஞ்சு மொழிக்கான முக்கிய பரீட்சைகள் சில வருமாறு:

(அ) டெல்ஃப், டால்ஃப்: பிரான்சின் கல்வி அமைச்சு வழங்கும் சான்றிதழ்கள். ஏ1 முதல் பி2 வரை டெல்ஃப். சி1, சி2 ஆகியன டால்ஃப். ஒருமுறை பெற்றால் ஆயுள் முழுவதும் செல்லும். டெல்ஃப் பி2 பரீட்சையில் கேட்டல், வாசித்தல், எழுதல், பேசுதல் ஆகிய நான்குக்கும் 25 புள்ளி வீதம் மொத்தம் 100 புள்ளிகள். சித்தியடைய 50 புள்ளிகள் வேண்டும். அதேவேளை எந்த ஒரு பகுதியிலும் 5 புள்ளிக்குக் குறையக் கூடாது. ஆகவே பேச்சை அடியோடு கைவிட்டவர் மற்ற மூன்றிலும் எவ்வளவு பெற்றாலும் சித்தியடைய முடியாது.

(ஆ) தெஃப், தெசெஃப்: இவற்றில் சித்தி, தவறல் என்பன இல்லை. பெறும் புள்ளியே பரீட்சார்த்தியின் நிலையைக் காட்டும். பெறுபேறு 2 ஆண்டுகளுக்குச் செல்லும். கனடாவுக்குக் குடிபெயர விண்ணப்பிப்போர் தம் பிரெஞ்சுத் தேர்ச்சியைக் காட்ட இவற்றின் கனடாப் பிரிவுகளுக்குத் தோற்றுகின்றனர்.

தெஃப் கனடாப் பரீட்சையின் பேச்சுப் பகுதி 15 நிமிடங்கள் கொண்டது. அது இரு பிரிவுகளாக அமையும். முதற் பிரிவு 5 நிமிடம். ஒரு விளம்பரத்தைப் பார்த்து, அறிமுகமில்லாத ஒருவரிடம் தொலைபேசியில் விசாரிப்பதுபோல வினாக்கள் கேட்க வேண்டும். இரண்டாம் பிரிவு 10 நிமிடம். இன்னொரு விளம்பரம் தரப்படும். பரீட்சகர் உங்கள் நண்பராக நடிப்பார். அந்த விளம்பரத்தில் உள்ள காரியத்தில் சேருமாறு நண்பரை இணங்கச் செய்ய வேண்டும். நண்பர் இலகுவில் இணங்கமாட்டார். “எனக்கு நேரமில்லை”, “விலை அதிகம்”, “எனக்கு இதில் ஆர்வமில்லை” என்று ஒன்றன்பின் ஒன்றாக மறுப்புச் சொல்வார். அவ்வாறு மறுப்பதே அவருடைய வேலை.

டெல்ஃப் பி2 பேச்சுப் பரீட்சை சற்று வேறானது. சிறு செய்திக் குறிப்பொன்று தரப்படும். 30 நிமிடம் ஆயத்தம் செய்யலாம். பின்னர் ஏறத்தாழ 20 நிமிடம், அக்குறிப்பு எழுப்பும் பிரச்சினையில் தம் நிலைப்பாட்டை எடுத்துரைத்து, பரீட்சகர்களின் எதிர்க்கேள்விகளுக்கு முன் அதைக் காக்க வேண்டும். இங்கே நண்பர் இல்லை. ஆயினும் மறுப்பு உண்டு.

இது ஏன் நம்மவர்க்கு முக்கியம்? பிரான்சில் 2024ஆம் ஆண்டு சனவரி 26ஆந் திகதிச் சட்டத்தின்படி, 2026 சனவரி 1 முதல் பிரெஞ்சுக் குடியுரிமை கோருவோர் பி2 நிலையைக் காட்ட வேண்டும். முன்னர் பி1 போதுமாயிருந்தது. பத்தாண்டு வதிவிட அட்டையை முதன்முறை பெறுவதற்கும் ஏ2 இலிருந்து பி1 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. உணவகத்தின் சமையலறையில் இருபது ஆண்டுகள் உழைத்த ஒருவர் அன்றாடக் காரியங்களுக்கு வேண்டிய பிரெஞ்சை நன்றாகப் பேசுவார். ஆனால் “உமது கருத்து என்ன? ஏன்? நான் ஒப்புக்கொள்ளவில்லையே?” என்று கேட்டால் திகைத்துப்போவார். அவர் வாழ்க்கையில் அவ்வாறு கேட்டவர்கள் குறைவு. அந்தத் திகைப்பைப் போக்கும் பயிற்சியே இப்பாடம்.

2. புள்ளி எங்கே போகிறது?

மாதிரி விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். (இது பயிற்சிக்காக ஆக்கப்பட்டது.)

முதலுதவிப் பயிற்சி
4 சனிக்கிழமைகள், பி.ப. 2.00 முதல் 5.00 வரை
இடம்: கிளிநொச்சி நகரம்
வயது: 15க்கு மேல்
கட்டணம்: 600 ரூபா (இரு தவணைகளில் செலுத்தலாம்)
முடிவில் சான்றிதழ் வழங்கப்படும்

தர்மபுரத்தில் இருந்து வந்து உங்களுடன் படிக்கும் தோழியை இப்பயிற்சிக்கு வருமாறு அழைக்கிறீர்கள். முதலில் பலரும் பேசும் விதத்தைப் பாருங்கள்.

உரையாடல் 1

நீங்கள்: இது மிக நல்ல பயிற்சி. நீ கட்டாயம் வர வேண்டும்.
தோழி: சனிக்கிழமை எனக்குக் கணித வகுப்பு இருக்கிறதே.
நீங்கள்: முடிவில் சான்றிதழும் தருகிறார்கள். எவ்வளவு பிரயோசனம் தெரியுமா?
தோழி: 600 ரூபாவுக்கு எங்கே போவேன்?
நீங்கள்: முதலுதவி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இது மிக மிக முக்கியம்.
தோழி: எனக்கு வேண்டாம்.

இங்கே பேசியவர் பொய் சொல்லவில்லை. சொன்ன காரணங்களும் நல்லவையே. ஆயினும் தோழி இணங்கவில்லை. ஏன்? தோழி வகுப்பைப் பற்றிக் கேட்டாள். விடை சான்றிதழைப் பற்றியது. தோழி காசைப் பற்றிக் கேட்டாள். விடை முதலுதவியின் பெருமையைப் பற்றியது. இரு வானொலிகள் பக்கத்தில் பக்கத்தில் பாடியதுபோல ஆயிற்று. பேசியவர் பயிற்சியைப் புகழ்ந்தார், தோழியோடு பேசவில்லை.

பரீட்சை மண்டபத்திலும் இதுவே நடக்கிறது. பரீட்சார்த்தி வீட்டில் பத்துக் காரணங்களை மனனம் செய்து வருகிறார். பரீட்சகர் எதைச் சொன்னாலும் அடுத்த காரணத்தை எடுத்து வைக்கிறார். நான்கு நிமிடத்தில் காரணங்கள் தீர்ந்துவிடுகின்றன. மீதி ஆறு நிமிடமும் “மிக நல்லது, மிக நல்லது” என்று சுற்றிச் சுற்றி வருகிறார்.

நினைவில் வைக்க: மறுப்பு உங்களுக்குத் தடையன்று. அடுத்து என்ன பேசுவது என்பதைச் சொல்லித் தருவதே அந்த மறுப்புத்தான்.

3. நான்கு படிகள்

படி 1: கேட்டல். மறுப்பு முழுவதையும் கேளுங்கள். விளங்காவிட்டால் ஒரு சிறு வினாவால் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். “நேரமில்லை” என்பவருக்கு உண்மையில் நேரமில்லையா, பயமா, காசில்லையா என்பது அந்த வினாவில் தெரியவரும்.

படி 2: ஏற்றல். மறுப்பில் நியாயமான பகுதியை ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்வது தோற்பதன்று. “நீ சொல்வது விளங்குகிறது” என்று கேட்டபின்னரே மற்றவர் உங்கள் விடைக்குச் செவி கொடுப்பார்.

படி 3: விடையளித்தல். அந்த மறுப்புக்கே, அந்த ஆளுக்கே பொருந்தும் விடையைக் கூறுங்கள். பொதுக் காரணத்தைவிட ஓர் உதாரணம், ஒரு மணிக்கணக்கு, ஒரு தொகை அதிக வலிமையுடையது.

படி 4: அழைத்தல். விடையோடு நிறுத்திவிடாமல் ஒரு சிறிய, செய்யக்கூடிய காரியத்துக்கு அழையுங்கள். “எல்லாவற்றுக்கும் வா” என்பதிலும் “முதல் நாள் மட்டும் வா” என்பது இலகுவானது.

இப்போது அதே விளம்பரம், அதே தோழி.

உரையாடல் 2

நீங்கள்: போன மாதம் வயலில் உன் தம்பியின் காலில் மண்வெட்டி வெட்டியபோது, என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் நின்றோம் என்று சொன்னாயே. இந்த விளம்பரத்தைப் பார்த்ததும் உன் நினைவுதான் வந்தது.
தோழி: நல்லதுதான். ஆனால் சனிக்கிழமை எனக்குக் கணித வகுப்பு.
நீங்கள்: உண்மைதான். வகுப்பை விடச் சொல்லி நான் கேட்கமாட்டேன். எத்தனை மணிக்கு முடியும்?
தோழி: பன்னிரண்டு மணிக்கு.
நீங்கள்: இது இரண்டு மணிக்குத்தான் தொடங்குகிறது. இருவரும் கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நடந்தே போகலாம்.
தோழி: 600 ரூபாவுக்கு எங்கே போவேன்? அம்மாவிடம் கேட்க மனமில்லை.
நீங்கள்: அம்மாவுக்குப் பாரம் கொடுக்க விரும்பாதது விளங்குகிறது. இரண்டு தவணையாகக் கட்டலாம் என்று போட்டிருக்கிறது. உண்டியல் காசில் 300 ரூபா இருந்தால் தொடங்கலாம். மற்றதைப் பிறகு பார்ப்போம்.
தோழி: ஐந்து மணிக்கு முடிந்தால் நான் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். அம்மா விடமாட்டா.
நீங்கள்: அம்மா பயப்படுவது நியாயம். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. பரந்தன் வரை நானும் உன்னோடு பஸ்ஸில் வருவேன். அங்கிருந்து உன் பஸ் ஏறும்வரை நிற்பேன். உன் அண்ணாவால் சந்திக்கு வர முடியுமா?
தோழி: கேட்டுப் பார்க்கலாம். ஆனால் எனக்கு இரத்தத்தைக் கண்டாலே தலை சுற்றும்.
நீங்கள்: அதற்காகத்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். என்ன செய்வதென்று தெரிந்தால் பயம் குறையும். முதல் நாள் மட்டும் வந்து பார். பிடிக்காவிட்டால் அடுத்த கிழமை நான் வற்புறுத்தமாட்டேன்.
தோழி: சரி, முதல் நாள் வருகிறேன். ஆனால் அம்மாவிடம் நீயும் வந்து சொல்ல வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

(i) தொடக்கமே தோழியின் அனுபவத்திலிருந்து எழுந்தது. பயிற்சியின் புகழிலிருந்து எழவில்லை.
(ii) “எத்தனை மணிக்கு முடியும்?” என்ற ஒரே வினா முதலாவது மறுப்பைத் தீர்த்துவிட்டது. அந்த வினா கேட்கப்படாவிட்டால் விடையும் கிடைத்திராது.
(iii) விளம்பரத்தில் உள்ள நேரம், தவணை ஆகிய விவரங்கள் உரிய இடத்தில் எடுத்தாளப்பட்டன. தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் வாசித்து முடித்திருந்தால், தேவைப்படும் நேரத்தில் கையில் ஒன்றும் இருந்திராது.
(iv) “முழு விடை இல்லை” என்று ஓரிடத்தில் உண்மை கூறப்பட்டது. அதன்பின் தோழியின் நம்பிக்கை கூடியதேயன்றிக் குறையவில்லை.
(v) கடைசியில் தோழி ஒரு நிபந்தனையோடு இணங்கினாள். உண்மையான இணக்கம் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

4. பிரெஞ்சில் சொல்லும் முறை

இலங்கையில் க.பொ.த. (சா/த)ப் பரீட்சையில் பிரெஞ்சு ஒரு விருப்பப் பாடமாக உள்ளது. அதைக் கற்கும் வாய்ப்பு உங்களில் மிகச் சிலருக்கே கிடைத்திருக்கும். கற்காதவர்களும் கீழுள்ள தொடர்களை வாசித்துப் பாருங்கள். நான்கு படிகளும் எந்த மொழியிலும் ஒன்றே என்பது விளங்கும். தமிழ் எழுத்தில் பிரெஞ்சு ஒலியை முழுமையாகக் காட்ட இயலாது. ஆதலால் சரியான உச்சரிப்பை ஆசிரியரிடமோ ஒலிப்பதிவிலோ கேட்டுக்கொள்க.

கேட்டல்
பூர்க்குவா? – ஏன்?
கெஸ்க்கி த ஜேன்? – உனக்குத் தடையாக இருப்பது எது?

ஏற்றல்
ஜ த கொம்ப்ரான் – நீ சொல்வது எனக்கு விளங்குகிறது.
த்யூ ஆ ரேஸோன், மே… – நீ சொல்வது சரி, ஆனால்…
செ வ்ரே க… – … என்பது உண்மைதான்.

விடையளித்தல்
ஜுஸ்த்தமான் – அதனாலேதான், அதற்காகத்தான்
பார் எக்ஸாம்ப்ள் – உதாரணமாக
ஆன் ப்ளுஸ் – அதற்கு மேலும்

அழைத்தல்
ஏ ஸி ஓன் எஸெயே? – ஒருமுறை முயன்று பார்ப்போமா?
ஸா த தி? – உனக்கு விருப்பமா?

இவற்றில் “ஜுஸ்த்தமான்” என்ற சொல்லைச் சிறப்பாகக் கவனியுங்கள். உரையாடல் 2இல் “அதற்காகத்தான் உன்னைக் கூப்பிடுகிறேன்” என்ற இடத்தில் வருவது இதுவே. மறுப்பாகச் சொல்லப்பட்டதையே காரணமாகத் திருப்பிக் கொடுக்க இச்சொல் உதவுகிறது.

நீ, நீங்கள்: பிரெஞ்சில் நெருங்கியவரை “த்யூ” என்றும், அறிமுகமற்றவரையும் மரியாதைக்குரியவரையும் “வூ” என்றும் அழைப்பர். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இன்று வழக்கில் இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதன்று; நீ, நீங்கள் என்று நாம் நாள்தோறும் வேறுபடுத்துகிறோம். தெஃப் பரீட்சையின் முதற் பிரிவில் அறிமுகமற்றவரிடம் பேசுவதால் “வூ”. இரண்டாம் பிரிவில் நண்பரிடம் பேசுவதால் “த்யூ”. எதிரே இருப்பவர் வயதில் மூத்த பரீட்சகராயிற்றே என்று கூச்சப்பட்டு நண்பரிடமும் “வூ” போடுவது நம்மவர் செய்யக்கூடிய பிழை. நாடகத்தில் அரசனாக நடிப்பவர் முன்வரிசையில் அதிபர் இருக்கிறார் என்று சிம்மாசனத்தை விட்டு எழுந்து நிற்பதில்லை அல்லவா?

உயர்நிலை இலக்கணம்: பி2இலும் அதற்கு மேலும் எளிய வாக்கியங்கள் மட்டும் போதா. இணங்கச் செய்யும்போது இரு அமைப்புகள் இயல்பாகவே தேவைப்படும்.

• நிபந்தனை: “ஸி த்யூ வனே, த்யூ வெரே…” – நீ வந்தால், பார்ப்பாய்… தமிழில் “வந்தால்” என ஒரு விகுதியால் சொல்வதைப் பிரெஞ்சில் “ஸி” என்ற சொல்லாலும் இரு வேறு வினை வடிவங்களாலும் சொல்கிறார்கள். “ஸி”யை அடுத்து வரும் வினையில் ஒரு வடிவம். பயனைக் கூறும் வினையில் இன்னொரு வடிவம்.
• வேண்டுதல்: “இல் ஃபோ க த்யூ வியென்” – நீ வரத்தான் வேண்டும். “இல் ஃபோ க” என்பதன்பின் வினை வேறு வடிவம் பெறும். இதைப் பிழையின்றி ஓரிரு இடங்களில் பயன்படுத்துவது, எல்லா இடத்திலும் தடுமாறிப் பயன்படுத்துவதிலும் நன்று.

5. பத்து நிமிடத்தைப் பங்கிடுதல்

பரீட்சையில் நேரம் ஒரு பெரும் பிரச்சினை. பின்வரும் பங்கீடு உதவும்.

முதல் ஒரு நிமிடம்: நண்பரை நலம் விசாரித்து, விளம்பரத்தைக் கண்ட கதையைச் சொல்லி, அவருடைய வாழ்வோடு அதைத் தொடர்புபடுத்துக.
அடுத்த இரண்டு நிமிடங்கள்: இரண்டு வலுவான காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம். மீதி விவரங்களைக் கையில் வைத்திருக்க.
அடுத்த ஆறு நிமிடங்கள்: மறுப்புகள். ஒரு மறுப்புக்கு ஒன்றரை நிமிடம் வீதம் நான்கு மறுப்புகளுக்கு இடமுண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு படிகள்.
கடைசி ஒரு நிமிடம்: பேசியதைச் சுருக்கி, நாள், இடம், நேரம் குறித்து அழைத்து முடிக்க.

வீட்டில் விளம்பரத்தைப் பார்த்தவுடன் “இந்த நண்பர் என்னென்ன சொல்வார்?” என்று மூன்று மறுப்புகளை எழுதிக்கொள்ளுங்கள். காசு, நேரம், தூரம், பயம், ஆர்வமின்மை, வீட்டார் சம்மதம் ஆகிய ஆறினுள் பெரும்பாலான மறுப்புகள் அடங்கிவிடும். பரீட்சையில் மறுப்பு வேறு சொற்களில் வந்தாலும் அதன் குடும்பம் இந்த ஆறில் ஒன்றாகவே இருக்கும்.

டெல்ஃப் பி2இலும் இதே முறைதான். அங்கே கிடைக்கும் 30 நிமிட ஆயத்தத்தில் உங்கள் நிலைப்பாட்டுக்குரிய காரணங்களை எழுதும் தாளிலேயே, அதற்கு எதிரான இரண்டு வலுவான வாதங்களையும் எழுதுங்கள். அவற்றை எழுதாமல் போனவரே கேள்வி நேரத்தில் தடுமாறுவார்.

6. எது எல்லை?

இணங்கச் செய்வது என்றால் எதையும் சொல்லி மயக்குவதா? அல்ல. திருக்குறளில் “சொல்வன்மை” ஓர் அதிகாரமாக (65ஆவது) உள்ளது; “வாய்மை”யும் ஓர் அதிகாரமாக உள்ளது. ஒன்று மற்றதை நீக்குவதில்லை. பழைய கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், பேச்சு ஒருவரை இணக்குவதற்கு மூன்று வழிகளைக் கூறினார்: பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்வு, சொல்லப்படும் காரணம். பொய் வெளிப்பட்டால் முதலாவது உடைகிறது. பிறகு மற்ற இரண்டும் நிற்பதில்லை.

பரீட்சையில் நண்பரைப் பற்றிய சிறு கற்பனை விவரங்களைச் சேர்ப்பதில் பிழையில்லை, அது நடிப்பு. ஆனால் விளம்பரத்தில் 600 ரூபா என்றிருக்க “இலவசம்” என்று சொன்னால், விளம்பரம் விளங்கவில்லை என்றே பரீட்சகர் கொள்வார்.

இப்பாடத்தை மறுபக்கமாகவும் படியுங்கள். நீங்கள் எப்போதும் பேசுபவராக மட்டும் இருக்கப்போவதில்லை. உங்களையும் பலர் இணங்கச் செய்ய வருவார்கள். “இவ்வளவு காசு கட்டினால் வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம்” என்று ஒருவர் வீட்டுக்கு வரலாம். “இன்றைக்கே கையொப்பம் வைத்தால் கடன் கிடைக்கும்” என்று இன்னொருவர் வரலாம். அப்போது அம்மாவோ அப்பாவோ ஒரு கேள்வி கேட்பார்: “விசா கிடைக்காவிட்டால் காசு திரும்பி வருமா?” வந்தவர் அதற்கே விடை சொல்கிறாரா, அல்லது உரையாடல் 1இல் நடந்ததுபோல வேறொரு பெருமையைப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். “யோசிக்க இரண்டு நாள் தாருங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையானவர் தருவார். உங்கள் மறுப்பைத் தாண்டி அவசரமாக ஓடுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். காணியை ஈடு வைப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்வதில் நட்டமில்லை.

7. உங்கள் பரீட்சையிலும் வீட்டிலும்

தமிழ்க் கட்டுரையில் ஒரு கருத்தை நிலைநாட்டும்போது, எதிர்க்கருத்தையும் ஒரு பந்தியில் எடுத்துக் கூறி விடையளியுங்கள். ஆங்கிலத்தில் நண்பருக்கு அழைப்புக் கடிதம் எழுதும்போது, அவர் வரத் தயங்கக்கூடிய காரணம் ஒன்றை நீங்களே முன்கூட்டிக் கூறி, அதற்கு வழி சொல்லுங்கள். விவாதப் போட்டியில் எதிரணியினரின் சிறந்த வாதத்தைக் குறித்துக்கொண்டு அதற்கே பதில் சொல்லுங்கள். அவர்களின் பலவீனமான வாதத்தை மட்டும் தாக்குவது வெற்றியன்று.

வீட்டில் உள்ள பரீட்சை இவற்றிலும் பெரிது. சாதாரண தரம் முடிந்ததும் “இனி வேலைக்குப் போ” என்று வீட்டில் சொல்லலாம். “எனக்குப் படிக்க விருப்பம்” என்று அழுவது ஒரு வழி. அப்பா எதற்காக அப்படிச் சொல்கிறார் என்று கேட்பது இன்னொரு வழி. கடன் என்றால் கடனைப் பற்றிப் பேசுங்கள். தூரம் என்றால் பக்கத்தில் உயர்தரம் உள்ள பாடசாலையைப் பற்றிப் பேசுங்கள். “படித்து என்ன வேலை கிடைக்கும்?” என்றால், வவுனியாவில் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குவதையும், உங்கள் ஊரில் படித்து ஆசிரியராகவோ தாதியாகவோ இருப்பவரையும் காட்டுங்கள். “ஒரு தவணை மட்டும் பாருங்கள்” என்று அழையுங்கள். எல்லா வீட்டிலும் வெற்றி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்பாவின் கவலையைக் கேட்ட பிள்ளைக்கே அப்பாவும் செவி கொடுப்பார்.

பயிற்சிகள்

1. உரையாடல் 1இல் தோழியின் இரண்டாவது மறுப்புக்கு (600 ரூபா) நான்கு படிகளிலும் புதிய விடை எழுதுக. உரையாடல் 2இல் உள்ள விடையைப் பயன்படுத்தலாகாது.

2. பின்வரும் மறுப்புகள் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை எனக் கூறுக: (அ) “அங்கே எனக்கு யாரையும் தெரியாது.” (ஆ) “அறுவடைக் காலம், வீட்டில் ஆளில்லை.” (இ) “முல்லைத்தீவிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும்.”

3. “பாடசாலை நூலகத்தில் மாலைநேர வாசிப்பு வட்டம்” என்ற விளம்பரத்தை நீங்களே ஆக்குக. பக்கத்தில் இருப்பவரை நண்பராக்கி, பத்து நிமிடம் அவரை இணங்கச் செய்க. அவர் குறைந்தது நான்கு மறுப்புகள் கூற வேண்டும். பின்னர் இடம் மாறிக்கொள்க.

4. “எதிர்வாதத்தை ஒப்புக்கொள்வது பலவீனம்.” இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? ஒரு பந்தியில் எழுதுக.

5. கட்டணம் வாங்கி வெளிநாடு அனுப்புவதாகக் கூறும் ஒருவரிடம் கேட்க வேண்டிய ஐந்து வினாக்களை எழுதுக.

விடைக் குறிப்புகள்

1. ஏற்றலில் காசின் அருமையை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். விடையில் ஒரு தொகையோ வழியோ குறிப்பாக இருக்க வேண்டும். “600 ரூபா பெரிய காசா?” என்பது பிழையான விடை, அது தோழியின் நிலையைச் சிறுமைப்படுத்துகிறது.
2. (அ) பயம் (ஆ) நேரம் (இ) தூரம். (அ)வை ஆர்வமின்மை என எழுதியோர் மீண்டும் சிந்திக்க. வர விருப்பமில்லை என்று அவர் சொல்லவில்லை.
3. ஒவ்வொரு மறுப்பின் பின்னும் நான்கு படிகளும் வந்தனவா என மூன்றாவது மாணவர் ஒருவர் கணக்கெடுக்கலாம். பெரும்பாலும் விடுபடுவது இரண்டாம் படியே.
4. எந்த நிலைப்பாடும் எடுக்கலாம். எதிர்க்கருத்துக்கு இடம் கொடுத்துள்ளீரா என்பதே கவனிக்கப்படும்.
5. ஏதேனும் ஐந்து வினாக்கள். பதிவு, பற்றுச்சீட்டு, காசு திரும்பக் கிடைத்தல் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்க வேண்டும்.

மாணவர்களே, பாரிஸிலுள்ள மாமா அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, அவர் பரீட்சைக்குப் படிப்பவராயின் ஒரு விளம்பரத்தைச் சொல்லச் சொல்லி, நீங்கள் மறுக்கும் நண்பராக நடியுங்கள். தமிழிலேயே நடிக்கலாம். அவருக்கு அது பயிற்சி. உங்களுக்கும் அது பயிற்சி.